தங்கமாரி டீ குடிக்கும் காட்சி

எங்க ஊரு நாகம்மை டாக்கீஸ்ல வருசா வருசம் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் மத்தியான ஆட்டமா 'குடைக்கார வேந்தன்' ஓடும், அந்தப் படத்துல இருக்கிற ஆளுகளுக்கும் எங்களை மாதிரியே வருசத்துக்கு ஒரு வயசு கூடும், இதைச் சொன்னா வெளியூர்க்காரவுக திருதிருன்னு முழிக்கிறாக. முழிக்கட்டும். அவுக ஊருல ஆளுக எல்லாம் படத்துக்கு வெளியே மட்டும்தான் இருக்காக, எங்க ஊருல உள்ளயும் கொஞ்சப் பேரு இருக்காக. அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?

முதல்ல அது புத்தகமாத்தான் வந்துச்சு. சாணித்தாள்ல கருப்பும் சிவப்புமா அச்சடிச்ச சித்திரக்கதை. தீப்பெட்டி ஆபீஸ்ல ஒருத்தி வாங்கினா ஒரு பந்தியே படிக்கும், படிச்சு முடிக்கையில அட்டை கிழிஞ்சு, பக்கமெல்லாம் தீக்குச்சி மருந்துக் கையி பட்டு நாறிப்போயிருக்கும். கதை இதுதான். குடைக்காரன்னு ஒருத்தன், நல்லவன், மச்சு மேல இருந்து கருப்புக் குடையை விரிச்சுக்கிட்டு குதிச்சான்னா காத்துல மிதந்து வந்து கெட்டவன் தலைமேல இறங்குவான். கெட்டவன் ஒரு கடத்தல்காரன், ஒரு கைப்பிள்ளையத் தூக்கிட்டு ஓடிக்கிட்டே இருப்பான். குடைக்காரன் தொரத்திக்கிட்டே இருப்பான். எங்களுக்கு அது வேதம்னு வச்சுக்கோங்க. அதைப் படமா எடுக்கப் போறோம்னு மெட்ராஸ்ல இருந்து ஆளுக வந்து எங்க பஜார்லயே கேமராவ நிறுத்தினப்போ, அன்னைக்கு ஊருல ஒரு அடுப்பு எரியல.

எங்க அண்ணன் தங்கமாரி அந்தப் படத்துல இருக்கான். டைரக்டர் கூட்டத்துல நாலு பேரைப் பிடிச்சு, "குடைக்காரன் மாடியில இருந்து குதிச்ச உடனே எல்லாரும் பயந்து ஓடணும்"னு சொல்லி வச்சாரு. குடைக்காரன் குதிச்சான், எல்லாரும் ஓடினாக, வைக்கோல் வண்டி ஓடுச்சு, பூக்காரி கூடையப் போட்டுட்டு ஓடினா, எங்க அண்ணன் மட்டும் டீக்கடை பெஞ்சுகிட்ட கிளாஸோட நின்னுக்கிட்டே இருந்தான். ஊதி ஊதிக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் அசையல. கேட்டா, "கொதிக்கக் கொதிக்க டீய வச்சுக்கிட்டு எவன் ஓடுவான், மேல ஊத்திக்கிடவா?"ன்னான். அது பொய்யி. கேமராவுக்குப் பின்னால நின்ன கூட்டத்துல கல்யாணமாகி ஆறு மாசங்கூட ஆகாத எங்க மதினி செல்லக்கனி நின்னுக்கிட்டு இருந்துச்சு, இவன் அதைப் பார்த்துக்கிட்டே நின்னான். பொழுது இறங்கிருச்சுன்னு டைரக்டரும் அப்படியே விட்டுட்டாரு.

படம் வாரதுக்குள்ள மஞ்சக்காமாலை வந்து அண்ணன் போயிட்டான். இருபத்தாறு வயசு. ஒரு போட்டோ கிடையாது அவனுக்கு, கல்யாணத்துக்கே எடுக்கல, பெறகு எடுத்துக்கிடலாம்னு சொன்னான். ஊரே போயி அண்ணனைப் படத்துல பார்த்துட்டு வந்து மதினிகிட்டச் சொல்லும், "உம் மாப்பிள்ளை நிக்கிறான்த்தா, போயிப் பாரு." மதினி போகல. டாக்கீஸ் இருக்கிற தெருவுலகூடக் கால் வைக்காம சுத்திப் போச்சு. வெறும் நெத்தியும் வெறும் கழுத்துமா எந்தக் கல்யாண வீட்டு வாசலையும் மிதிக்காம, தீப்பெட்டி ஆபீஸும் வீடுமா மதினி பொழுது போச்சு.

டாக்கீஸ் முதலாளி தவமணி அண்ணாச்சிக்கு அந்தப் படத்து மேல ஒரு கிறுக்கு. படப்பொட்டிய மொத்தமா வாங்கிப் போட்டுட்டாரு. வேற எங்கயும் அந்தப் படத்துக்குப் பிரதி இல்லன்னு சொல்லுவாரு, டிவியிலயும் வந்தது கிடையாது. வருசம் ஒரு தடவை ஓட்டுவாரு, நாங்களும் புதுப் படம் பார்க்கிற மாதிரி சீவிச் சிங்காரிச்சுப் போவோம்.

குடைக்காரனுக்குக் காதோரம் நரைச்சதை முதல்ல பார்த்தது முடிவெட்டுற கருப்பையாதான். "யோவ், தலையில சாயம் போயிருச்சுய்யா"ன்னு தரை டிக்கெட்ல இருந்து கத்தினாரு. பொட்டி பழசாப் போச்சு, பிலிம் வெளுக்குதுன்னாக சில பேரு. பிலிம் வெளுத்தா தொப்பை விழுமா? அடுத்த வருசம் குடைக்காரனுக்குத் தொப்பை விழுந்துச்சு. அதுக்கடுத்து கதாநாயகி கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தா, வில்லனுக்கு முன்பல்லு ரெண்டு போயி வசனமெல்லாம் காத்தா வந்துச்சு. குடைக்காரன் மாடிப்படி ஏறும்போது முட்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னு நின்னு ஏறினாரு, அவன்னு சொல்லிக்கிட்டு இருந்த நாங்களும் அவருன்னு சொல்ல ஆரம்பிச்சோம், படம் வருசத்துக்கு வருசம் நீளமாகி மூணரை மணி நேரம் ஓடுச்சு, அண்ணாச்சி ரெண்டு இடைவேளை விட்டாரு. குடையை விரிச்சு மிதந்த மனுசன் அதை மடக்கிக் கைத்தடியா ஊனிக்கிட்டு நடந்தாரு. வில்லன் தூக்கிட்டு ஓடின கைப்பிள்ளை இருக்கே, அது வளர்ந்து மீசை முளைச்ச ஆம்பளை ஆகிப்போச்சு, அந்தத் தடிமாட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வில்லன் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் போறதைப் பார்த்து ஒரு வருசம் பூராம் சிரிச்சோம். அடுத்த வருசம் அந்தப் பையனே இறங்கி, "விடுங்க பெரியவரே, நானே கூட வாரேன்"ன்னுட்டு நடந்தான்.

புத்தகம் மட்டும் அப்படியே கிடந்துச்சு. அதுல குடைக்காரன் இன்னைக்கும் குமரன்தான். பிள்ளைக அதைப் படிச்சுட்டு வந்து, "இந்தத் தாத்தாவா குடைக்காரன்?"னு கேட்கும், "ஆமா, உங்க தாத்தா மட்டும் பொறக்கும்போதே தாத்தாவா?"ன்னு நாங்க அதட்டுவோம். அவர் படியேறும்போது டாக்கீஸே, "மெதுவா அண்ணே, மெதுவா, அவன் எங்கயும் போயிர மாட்டான்"னு சத்தம் போடும். அவரும் ஒரு நிமிசம் நின்னு மூச்சு விட்டுட்டுத்தான் ஏறுவாரு.

அப்படி ஒரு வருசம்தான் எங்க அண்ணனோட மீசையில வெள்ளை முடியைப் பார்த்தேன். இத்தனை வருசம் அழுதுக்கிட்டே பார்த்ததுல கவனிக்கல போல, அன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. முன்மண்டையில முடி ஏறியிருக்கு. கன்னம் உப்பியிருக்கு. அதே கட்டம் போட்ட சட்டை, வயித்துகிட்ட பொத்தான் தெறிக்கிற மாதிரி நிக்கிது. இடைவேளைக்குக்கூட நிக்காம ஓடினேன் மதினிகிட்ட.

"மதினி, அண்ணனுக்கு நரைச்சிருச்சு."

மதினி சொளகுல அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்துச்சு. "போ கழுத, எதுல விளையாடுறதுன்னு இல்லையா?"ன்னுச்சு. எம் மூஞ்சியப் பார்த்துட்டு சொளகைக் கீழ வச்சுருச்சு.

மறுவருசம் முதல் ஆளா வந்து பொம்பளைக பக்கம் மூணாவது வரிசையில உட்கார்ந்துச்சு. அண்ணன் வந்து நின்னான், கிளாஸைத் தூக்கினான், நேரா எங்களைப் பார்த்தான். மதினி கையில முந்தானையச் சுருட்டி வாயில வச்சுக்கிட்டு பார்த்துச்சு. காட்சி முடிஞ்ச பெறகு எம் பக்கம் திரும்பி, "சட்டை இறுக்குது பூவு, ஒரு தையலைப் பிரிச்சு விட ஆள் இல்ல அவுகளுக்கு"ன்னு சொல்லுச்சு. அன்னைக்குத்தான் எங்க மதினி ரொம்ப நாளைக்குப் பெறகு வயிறாரச் சாப்பிட்டுச்சு.

இதுக்கப்புறம் ஊரு செஞ்சதுதான் கூத்து. எங்க தாய்மாமன் சங்கரபாண்டி, எங்க சனத்துல அவர் சொன்னா மறுபேச்சு கிடையாது, அவர் நாலு பேரைக் கூட்டி வச்சுச் சொன்னாரு: "செத்தவன்னா செத்த வயசுல நிக்கணும். வருசா வருசம் வழுக்கை விழுந்துக்கிட்டு வாரவனை எப்படிய்யா செத்தவன்னு சொல்ல முடியும்? தலை நரைக்கிற புருசன் இருக்கிறவ தாலியறுத்தவளா?" எல்லாரும் யோசிச்சுப் பார்த்தாக. நியாயமாத்தான் பட்டுச்சு. ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில்ல வச்சு எங்க அத்தை மதினிக்கு நெத்தியில குங்குமம் வச்சு, தலையில பூ வச்சு, மஞ்சக்கயித்தைக் கழுத்துல கட்டிவிட்டாக. அன்னையில இருந்து கல்யாண வீட்டுல மதினி முன்வரிசை. வளைகாப்புக்கு மதினி. நிறைநாழி வைக்க மதினி. புருசனை வருசத்துக்கு ஒரு மத்தியானம் பார்க்கிறவளை ஊரே சுமங்கலின்னு கும்பிட்டுச்சு, துபாய்க்குப் போன ஆம்பளைக பொண்டாட்டிகளும் அப்படித்தானே இருக்காளுகன்னு சொன்னா என்ன பதில் சொல்லுவீங்க?

எனக்கும் சந்தோசம்தான். மறைக்க என்ன இருக்கு, எங்க அண்ணன் உசுரோட இருக்கான்னு ஊரே ஒத்துக்கிட்டா எனக்குக் கசக்குமா? பங்குனி வந்தா மதினி தலைக்குக் குளிச்சு, பட்டுச்சேலை கட்டி, டாக்கீஸுக்குப் போகும். அண்ணன் காட்சி வந்தா மொத்த டாக்கீஸும் விசிலை நிறுத்தும். "மெலிஞ்சிருக்காக"ன்னு மதினி சொன்னா பின்வரிசை வரைக்கும், "ஆமா, மெலிஞ்சுதான் போயிட்டாரு"ன்னு சொல்லும்.

இப்படி இருக்கையிலதான் சைக்கிள் கடை வேல்ச்சாமி வந்தாரு. பொண்டாட்டி செத்து, பிள்ளை குட்டி இல்லாத ஒத்தக் கட்டை. மதினி வேலைக்குப் போற சைக்கிளுக்குக் காத்து அடிக்கிறது, பிரேக் கட்டை மாத்துறதுன்னு ஆரம்பிச்சு, மதினிக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் தெனம் கஞ்சி வச்சு தூக்குவாளியில கொண்டுவந்து வாசல்ல வச்சுட்டு, உள்ள எட்டிக்கூடப் பார்க்காம போவாரு. காய்ச்சல் விட்ட அன்னைக்கு மதினி அந்தத் தூக்குவாளியக் கழுவிக்கிட்டே எங்கிட்டச் சொல்லுச்சு.

"பூவு, எனக்கு இந்த மனுசனைப் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருந்தா கட்டிக்கோ மதினி."

"உங்க அண்ணன் அங்க நிக்கிறாகளே. நான் எப்படி?"

நாப்பத்தாறு வயசு பொம்பளை, ராத்திரி முதுகு பிடிச்சுக்கிட்டா தைலம் தேய்க்க ஒரு கை கிடையாது, கும்பிடுறதுக்கு மட்டும் ஊரு பூராம் கை இருக்கு. நேரா மாமன்கிட்டப் போனேன். "மாமா, அது தனியாக் கிடந்து சாகணுமா?"ன்னேன்.

"புருசன் இருக்கிறவளுக்கு இன்னொரு கல்யாணமாடி? நாங்க என்ன கேனப்பயலுகளா?"

"செத்துப் போயி எம்புட்டு வருசம் ஆச்சு மாமா!"

"செத்தவனுக்கா போன வருசம் கண்ணாடி போட்டாக?"

ஆமா, போன வருசம் அண்ணன் கண்ணாடியோட வந்தான். ஆனா மாமன் கல்நெஞ்சுக்காரர் கிடையாது. ரெண்டு நாள் சாப்பிடாம கயித்துக் கட்டில்ல கிடந்து யோசிச்சுட்டு எந்திரிச்சு வந்தாரு. எங்க சனத்துல புருசன் பொண்டாட்டிய விடணும்னா நாலு பேர் முன்னால ஒரு துரும்பை எடுத்து ரெண்டாக் கிள்ளிப் போடணும், அதோட அவ போற இடத்துக்குப் போகலாம், ஒருத்தன் ஒரு சொல் சொல்லக் கூடாது. "தங்கமாரி துரும்பு கிள்ளிப் போடட்டும். போட்டான்னா நானே முன்னால நின்னு கட்டி வைக்கிறேன். பங்குனிக்குப் போயிக் கேப்போம்"ன்னுட்டாரு.

மதினி முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிருச்சு. "அவுகளைப் போயா? என்னைய விடுங்கன்னா கேக்கச் சொல்றீக?" ஆனா வரமாட்டேன்னு சொல்லல.

அந்தப் பங்குனிக்கு நாகம்மை டாக்கீஸ்ல நிக்க இடம் இல்ல. மாமன் வேட்டி துண்டோட, தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வச்சுக்கிட்டு திரைக்கு முன்னால போயி நின்னாரு, நானும் பக்கத்துல நின்னேன். வேல்ச்சாமி கடைசியில கதவோரமாத் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாரு. குடைக்காரன் பஜார் மாடியில ஏறி, குடையை விரிச்சு, குதிக்கப் போற நேரம் பார்த்து மாமன் தாம்பாளத்தைத் தூக்கினாரு.

"மாப்ள தங்கமாரி! ஒரு நிமிசம் இங்க பாரும்!"

குடைக்காரன் குதிக்காம கைப்பிடிச் சுவர்மேல அப்பாடான்னு உட்கார்ந்துட்டாரு. ஓட நின்ன கூட்டம் அப்படியே நின்னுச்சு. வில்லனுக்கு அந்த மீசைக்காரப் பையன் துண்டால விசிறிவிட்டான். எங்க அண்ணன் மட்டும் டீயை ஊதி ஊதிக் குடிச்சுக்கிட்டு இருந்தான். மாமன் இன்னொரு தடவை கூப்பிட்டாரு. கேக்கல. டாக்கீஸே சேர்ந்து, "தங்கமாரீ!"ன்னு கத்துச்சு, கூரைத் தகரம் அதிர்ந்துச்சு. அவன் இன்னொரு மடக்கு குடிச்சான்.

"காது போயிருச்சு மாமா"ன்னேன். "எங்க அப்பாவுக்கும் இந்த வயசுலதானே போச்சு."

எல்லாரும் மதினியப் பார்த்தாக. புருசன் பேரை ஒரு நாளும் வாயால சொன்னதில்ல அது. எந்திரிச்சு நின்னுச்சு. சத்தமாக்கூடச் சொல்லல, அடுப்படியில இருந்து கூப்பிடுற மாதிரித்தான் சொல்லுச்சு.

"ஏங்க."

அண்ணன் கிளாஸை இறக்கினான். கண்ணாடியச் சரி பண்ணிக்கிட்டு மதினியப் பார்த்தான். கூட்டத்தைப் பார்க்கல, வெத்தலைத் தட்டைப் பார்க்கல, மூணாவது வரிசையில நிக்கிற எங்க மதினியத்தான் பார்த்தான்.

மதினி கேக்க வேண்டியதைக் கேக்கல. "சாப்பிட்டீகளா?"ன்னு கேட்டுச்சு.

அண்ணன் டீ கிளாஸைத் தூக்கிக் காட்டினான், இதுதான் சாப்பாடுங்கிற மாதிரி. டாக்கீஸ்ல பாதி சிரிச்சுச்சு, பாதி அழுதுச்சு. மாமன் தொண்டையைச் செருமிக்கிட்டு என்னமோ சொல்ல வந்தாரு, நான் அவர் துண்டைப் பிடிச்சு இழுத்து நிறுத்தினேன். அண்ணன் மதினியோட நெத்தியப் பார்த்தான். அதுக்குப் பக்கத்துல, அம்புட்டு நெரிசல்லயும் ஒருத்தரும் உட்காராம காலியா விட்டு வச்ச நாக்காலியப் பார்த்தான். தலையத் தூக்கி, அம்புட்டுக் கூட்டத்தையும் தாண்டி, கதவோரம் நின்ன வேல்ச்சாமியப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அந்த மனுசன் ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாரு.

அண்ணன் கிளாஸைப் பெஞ்சு மேல வச்சான். பக்கத்துல நின்ன வைக்கோல் வண்டியில இருந்து ஒரு துரும்பை உருவினான். எல்லாருக்கும் தெரியிற மாதிரி உசத்திப் பிடிச்சான். கிள்ளினான், அது வளைஞ்சுச்சு, ஒடியல. வண்டிக்காரன் உதவிக்கு வந்தான், வேண்டாம்னு தலையாட்டிட்டு மறுபடி கிள்ளினான். ரெண்டாப் போச்சு. கீழ போட்டுட்டு, அம்புட்டு வருசமும் ஓடாதவன், டைரக்டர் சொன்ன பக்கமா, தொப்பை குலுங்க, ஒத்தச் செருப்பு கழண்டு கிடக்க, திரும்பிப் பார்க்காம ஓடினான். "அண்ணே, மெதுவா, விழுந்துராத"ன்னு நான் கத்தினேன். எனக்கு அண்ணன்னு இருந்தது அவன் ஒருத்தன்தான்.

வைகாசியில கல்யாணம். மாமன் சொன்ன சொல்லுப்படி முன்னால நின்னாரு. மதினி பழைய மஞ்சக்கயித்தைக் கழட்டி ஆத்துல விட்டுட்டு வந்து புதுசு கட்டிக்கிச்சு. வேல்ச்சாமி தைலம் தேய்க்கிறாருன்னு மதினிகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். வெக்கப்பட்டுச்சு. அதுக்கு வெக்கம் வரும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

மறு பங்குனிக்கு மூணு பேருமாத்தான் போனோம். அண்ணன் ஓடிப் போயிட்டானே, பெஞ்சு காலியாத்தான் இருக்கும்னு மதினி மனசைத் தேத்திக்கிட்டு வந்திருந்துச்சு. குடைக்காரன் தடியூனி மாடி ஏறினாரு. கூட்டம் நின்னுச்சு, எல்லாருக்கும் ஒரு வயசு கூடியிருந்துச்சு, பூக்காரிக்கு இடுப்பு வளைஞ்சிருந்துச்சு. டீக்கடை பெஞ்சுகிட்ட ஒரு பையன் நின்னான்.

ஒல்லியா, சுருட்டை முடி நெத்தியில விழ, இப்பத்தான் முளைச்ச மாதிரி ஒரு மீசை, கட்டம் போட்ட சட்டை அளவெடுத்துத் தைச்ச மாதிரி நின்னுச்சு. கிளாஸை ஊதிக்கிட்டே நேரா எங்களைப் பார்த்தான்.

மதினி என் கையப் பிடிச்சுச்சு. "யாரு பூவு இது?"

"அண்ணன், மதினி."

"அவுகளா?"

"செத்தப்போ இப்படித்தானே இருந்தான்."

மதினி பார்த்துச்சு. காதோரம் நரைச்ச தன் தலையத் தடவிக்கிட்டே பார்த்துச்சு. கூட வயசாகிக்கிட்டு வந்த மனுசனைத்தான் அம்புட்டு வருசமும் பார்த்துச்சு, விட்டுட்டுப் போனவனை இன்னைக்குத்தான் பார்க்குது. பெத்திருந்தா அதுக்கு இந்த வயசுல ஒரு மகன் இருப்பான்.

"இம்புட்டுச் சின்னப் பிள்ளையா?"ன்னுச்சு. "இம்புட்டுச் சின்னப் பிள்ளையா பூவு செத்துப் போச்சு? ஐயோ, பச்சப் பிள்ளையில்ல, வாழவே இல்லையே அது, ஒண்ணுமே பார்க்கலையே"ன்னு மாருல அடிச்சுக்கிட்டு, அவன் செத்த அன்னைக்குக்கூட அழாத அழுகை அழுதுச்சு. வேல்ச்சாமி அதைத் தோளோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு தானும் அழுதாரு. அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னோம். எங்க மதினி அழுது முடிக்கிற வரைக்கும், மேல சுவர்ல உட்கார்ந்திருந்த குடைக்காரன் குதிக்கல.